மிஷின் மானிட்டரிங் போட்டவங்க, நெசமா எதுக்காக போட்டீங்க?

குறிச்சி டர்னிங்:

வணக்கமுங்க. கோயம்புத்தூர் குறிச்சி பக்கம் நம்மளது ஒரு சின்ன மிஷின் ஷாப், 11 மிஷின் ஓடுது, 7 சிஎன்சி லேத்து (கம்ப்யூட்டர்ல ஓடுற கடசல் மிஷின்), 4 விஎம்சி (அதே மாதிரி ஓடுற மில்லிங் மிஷின்). பம்பு ஷாஃப்ட், வால்வு பாடி, கொஞ்சம் ஆட்டோ பார்ட்ஸ், எல்லாம் ஜாப் ஒர்க்குதான். அப்பா ரெண்டு சாதா லேத்த வெச்சு ஆரம்பிச்சது, நான் படிச்சு முடிச்சு உள்ள வந்து ஆறு வருஷம் ஆச்சு.

விஷயம் என்னன்னா, போன மாசம் ஒரு கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்தாங்க, அவங்க செக்லிஸ்ட்ல புதுசா ஒரு கேள்வி சேர்ந்திருக்கு, மிஷின் டேட்டா லைவா எடுக்கறீங்களா, ஓஇஇ, அதாவது மிஷின் எத்தன சதவீதம் உருப்படியா ஓடுது, எவ்ளோ வருதுன்னு. நாங்க வழக்கம்போல லாக் புக்க எடுத்து நீட்டுனோம். அவரு பக்கத்த புரட்டி புரட்டி பாத்துட்டு, எல்லா ஷிப்ட்டும் ஒரே பேனா மையில, ஒரே கையெழுத்துல எழுதி இருக்கறத விரல வெச்சு காட்டுனாரு. எல்லா நாளும் 92, 93, 92 சதவீதம். ஒரு வார்த்தை திட்டல, ஆனா எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

அதுக்கப்புறம் ஒரு பார்ட்டிய கூப்ட்டு மிஷின் மானிட்டரிங்குக்கு, அதாவது மிஷின் ஓடறது நிக்கறத தானா பதிவு பண்ற சிஸ்டத்துக்கு, கொட்டேஷன் வாங்குனேன். மிஷினுக்கு 28,000, அதுபோக மாசாமாசம் மிஷினுக்கு 900. 11 மிஷினுக்கும் சேத்தா 3 லட்சத்து 8 ஆயிரம், மாசம் 9,900 தனி. அப்பா சொல்றாரு, மிஷின் ஓடுதா நிக்குதான்னு சத்தத்த கேட்டாலே தெரியும், அதுக்கு எதுக்குடா 3 லட்சம்னு. அவரு சொல்றது பொய்யும் இல்லீங்க, ஆபீஸ் ரூம்ல கணக்கு பாத்துட்டு இருப்பாரு, திடீர்னு தலைய தூக்கி "அஞ்சாம் நம்பர் நின்னுருச்சு, போய் பாரு"ம்பாரு, போய் பாத்தா நின்னிருக்கும்.

பிரவுச்சர்ல போட்டிருக்கற காரணம் எல்லாம் எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. நான் கேக்கறது, உங்க கம்பெனில கையெழுத்து போட்ட அன்னைக்கு உண்மையான காரணம் என்னங்க? கஸ்டமர் சொன்னாங்களா, ஆள் கெடைக்கலையா, பக்கத்து கம்பெனி போட்டுட்டாங்களா? போட்டு வருத்தப்பட்டவங்களும் சொல்லுங்க.

ஓசூர் குவாலிட்டி:

தம்பி, நான் ஓசூர்ல பிரேக் பார்ட்ஸ் பண்ற கம்பெனில குவாலிட்டில இருக்கேன், 14 வருஷம் ஆகுது. எங்க கதைய சொல்றேன்.

கஸ்டமர் லைன்ல 3 பீஸ்ல போர், அதாவது நடு ஓட்டை, ஓவர்சைஸ்னு கம்ப்ளெயின்ட் வந்துச்சு. மூணே பீஸ்தான். ஆனா அந்த பார்ட் எங்ககிட்ட நாலு மிஷின்ல ஓடுது, நாலுல இருந்து வர்றதும் ஒரே பெட்டில விழுது, பெட்டி மேல ஒட்டுற டேக்ல பேக் பண்ண தேதி மட்டும்தான் இருக்கு. எந்த மிஷின், எந்த ஷிப்ட், யாருக்கும் தெரியாது. அதனால எங்க ஸ்டாக் 6,200, வழியில லாரில 3,000, கஸ்டமர் கோடவுன்ல 5,000, மொத்தம் 14,200 பீஸையும் ஒண்ணு விடாம செக் பண்ணனும்னுட்டாங்க. ஏப்ரல் மாசம், தகர ஷெட்டு, நாங்க எட்டு பேர் ஓட்டைய அளக்குற ஏர் கேஜ வெச்சுகிட்டு நாலு நாள் உக்காந்தோம், ஒவ்வொண்ணா தொடச்சு, கேஜ விட்டு, முள்ள பாத்து, பச்சை மை வெச்சு தள்ளணும். மூணாவது நாள் எனக்கு கட்டை விரல் மடக்கவே முடியல.

கடைசில கெட்ட பீஸ் 41. எல்லாமே ஒரே மிஷின், இன்சர்ட் (வெட்டுற முனை) மாத்துனப்ப ஆஃப்செட், அதாவது முனை நிக்க வேண்டிய அளவு, தப்பா போட்டுட்டாங்க, ஒன்றரை மணி நேரம் அப்படியே ஓடி இருக்கு. ஒரு பீஸுக்கு சைக்கிள் டைம் ஒன்றரை நிமிஷம், அப்போ மிஷினும் நேரமும் தெரிஞ்சிருந்தா 60 பீஸ பாத்தா போதும். நாங்க பாத்தது 14,200.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு பீஸ்லயும் லேசர்ல டூ-டி கோடு (க்யூஆர் மாதிரி), எந்த மிஷின், எத்தன மணி, போர் ரீடிங் எவ்ளோ, எல்லாம் அந்த கோடுக்கு நேரா சேவ் ஆகுற மாதிரி போட்டாங்க. இதுல உனக்கு உபயோகமான விஷயம் ஒண்ணு இருக்கு. இதே ப்ரபோசல் ரெண்டு வருஷமா ஃபைல்ல தூங்கிட்டு இருந்துச்சு, அப்போ மேல தலைப்பு "ப்ராடக்டிவிட்டி இம்ப்ரூவ்மென்ட்". இந்த சம்பவத்துக்கு அப்புறம் அதே ஃபைலுக்கு எம்டி பத்து நிமிஷத்துல கையெழுத்து போட்டாரு. வரப்போற லாபத்த எவ்ளோ பெருசா எழுதினாலும் ஓனர் மனசு அசையாது தம்பி, கைய விட்டு போன காசு மட்டும்தான் அசைக்கும். சேஃப்டி பார்ட் பண்றவங்களுக்கு ஆட்டோ பார்ட்ஸ் தர ஸ்டாண்டர்டான ஐஏடிஎஃப் 16949லயே டிரேசபிலிட்டி (எந்த பீஸ் எங்க, எப்போ பண்ணதுன்னு தேடி புடிக்கறது) கட்டாயம்தான், ஆனா பேப்பர்ல காட்டுற டிரேசபிலிட்டி வேற, ராத்திரி 2 மணிக்கு கஸ்டமர் போன் பண்றப்ப பதில் சொல்ற டிரேசபிலிட்டி வேற.

ராஜபாளையம் மில்லு:

எங்க லைன் ஸ்பின்னிங், மெயின்டெனன்ஸ். எங்களுக்கு காரணம் ஆளு. அத மறைக்க ஒண்ணுமில்ல.

ரிங் ஃப்ரேம்னா தெரியாதவங்களுக்கு சொல்றேன், பஞ்ச நூலா முறுக்குற மிஷின், எங்ககிட்ட இருக்குறதுல ஒரு ஃப்ரேமுக்கு 1,200 ஸ்பிண்டில், அதாவது நூல் சுத்துற கதிர். எங்கயாவது ஒரு இழை அறுந்தா சைடர் (ஃப்ரேம பாத்துக்கற தொழிலாளி) நடந்து வந்து, கண்ணால பாத்து, எடுத்து ஒட்டணும். அவங்க வந்து சேர்ற வரைக்கும் அந்த ஸ்பிண்டிலுக்கு வர்ற பஞ்சு பூரா நியூமாஃபில் பெட்டிக்குள்ள உறிஞ்சிட்டு போயிரும், அது வேஸ்ட். முன்னாடி எல்லாம் சுத்துப்பட்டு ஊர்ல இருந்து வந்த பொம்பளைங்க, இருவது வருஷம் சைடு பாத்தவங்க, தூரத்துல இருந்தே எந்த இழை போச்சுன்னு சொல்லிருவாங்க. இப்போ அவங்க புள்ளைங்க மில்லுக்கு வர்றதில்ல, ஒடிசா, பீகார்ல இருந்து வர்ற பசங்கதான், பாவம் நல்லாத்தான் வேலை பாக்குறாங்க, ஆனா கை பழகவே மாசக்கணக்கு ஆகும், பழகி முடிக்கிறப்ப ஊர்ல திருவிழான்னு போனா பாதிப்பேர் திரும்பி வர்றதில்ல.

அதனால ஸ்பிண்டிலுக்கு ஒரு சென்சார் போட்டோம். ஃப்ரேம் முனையில லைட் எரியும், அந்த பக்கம் போனா செக்‌ஷன் லைட், அப்புறம் ஸ்பிண்டில்லயே சின்னதா ஒரு சிவப்பு. சைடர் சும்மா நடந்து தேட வேண்டியதில்ல, லைட்ட பாத்து நேரா போறாங்க. இதுக்காகத்தான் வாங்குனோம், ஆனா நாங்க எதிர்பாக்காத லாபம் வேற எடத்துல வந்துச்சு. தினம் காலைல ஒரு லிஸ்ட் வருது, திரும்ப திரும்ப அறுக்குற ஸ்பிண்டில் எதுன்னு, ரோக் ஸ்பிண்டில்னு சொல்லுவோம். 1,200ல இருவதோ முப்பதோதான் இருக்கும், ஆனா இழை அறுபடறதுல பெரும்பங்கு அதுலதான். டிராவலர் தேஞ்சிருக்கும், டேப் லூசா இருக்கும், ரிங்கு செண்டர் விலகி இருக்கும். ஜாபர் (மிஷின சரி பண்றவரு) அந்த லிஸ்ட்ட சட்டப்பையில வெச்சுகிட்டு நேரா அங்க போறாரு.

புதுசுன்னு நெனைக்காதீங்க. ஜப்பான்ல சாகிச்சி டொயோடா 1924லயே இழை அறுந்தா தானா நிக்கிற தறிய கொண்டுவந்துட்டாரு, ஒரே ஆளு பல தறிய பாத்துக்கலாம்னு. கார் கம்பெனி அப்புறம்தான் வந்துச்சு. அந்த தறில கம்ப்யூட்டரும் கெடையாது, இன்டர்நெட்டும் கெடையாது, கேட்ட கேள்வி மட்டும் இதேதான்.

ஒரகடம் ஆபரேட்டர்:

அண்ணா எல்லாரும் மேனேஜ்மென்ட் பக்கத்துல இருந்தே எழுதுறீங்க, நான் ஐடிஐ முடிச்சுட்டு 9 வருஷமா மிஷின்ல நிக்கிறேன், என் பக்கத்தையும் கேளுங்க.

நான் முன்னாடி இருந்த கம்பெனில இந்த சிஸ்டம் போட்டாங்க. பேர் வேணாம். மிஷின் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நின்னா டேப்லட்ல சிவப்பாகி காரணம் கேக்கும், எட்டு காரணம் இருக்கும், முதல்ல இருக்கறது "செட்டிங்", அதாவது அடுத்த வேலைக்கு மிஷின மாத்தி அமைக்கறது. காரணம் அமுக்கலன்னா சூப்பர்வைசர் போனுக்கு மெசேஜ் போயிரும். முதல் வாரம் எல்லாரும் ஒழுங்காத்தான் அமுக்குனோம். ரெண்டாவது வாரம் ஒரு பையன் 7 நிமிஷம் பாத்ரூம் போனத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து காலைல மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் காட்டினாங்க. அவன் முகத்த நீங்க பாத்திருக்கணும். அன்னைலேர்ந்து என்ன நடந்தாலும் எல்லாரும் "செட்டிங்"ங்கறதையே அமுக்க ஆரம்பிச்சோம், செட்டிங் போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு ரிப்போர்ட்ல செட்டிங் டைம் ரொம்ப அதிகம்னு வந்துச்சு, உடனே பீஸ புடிக்கற, சீக்கிரம் மாத்துற சக்கு ஜாவு எல்லாம் லட்சக்கணக்குல வாங்கி போட்டாங்க. ஒண்ணும் மாறல. ஏன்னா நெசமான பிரச்சனை என்னன்னா ராத்திரி ஷிப்ட்ல இன்சர்ட் வெச்சிருக்கற ஸ்டோர் பூட்டி இருக்கும், சாவி ஸ்டோர்கீப்பர் வீட்ல. முனை ஒடஞ்சா அடுத்த மிஷின்காரன்கிட்ட கடன் கேக்கணும், அவன்கிட்டயும் இல்லன்னா காலைல வரைக்கும் பழைய முனைல மெதுவா ஓட்டணும். இத எந்த பட்டன்ல அமுக்குறது? அந்த எட்டுல அது இல்லவே இல்ல, எங்கள யாரும் கேட்டு அந்த லிஸ்ட்ட போடல.

குறிச்சி அண்ணா, நீங்க போடுங்க, வேணாம்னு சொல்லல. இப்போ இருக்கற கம்பெனில ஸ்க்ரீன் எங்க பக்கம் திரும்பி இருக்கு, மெட்டீரியல் வரலன்னா நான் அமுக்குனா ஸ்டோர்ல மணி அடிக்குது, அஞ்சு நிமிஷத்துல டிராலி வருது. எனக்கு உதவி பண்ற மிஷின்கிட்ட நான் ஏன் பொய் சொல்லப்போறேன்? காரணம் லிஸ்ட்ட மட்டும் உங்க ஆபரேட்டர உக்கார வெச்சு அவங்க வாயால சொல்ற வார்த்தையிலயே எழுதுங்க.

அரசூர் ஃபவுண்ட்ரி:

நம்முளுது ஈபி பில்லுங்க. ஒரு டன் இரும்பு உருக்க நல்லா ஓடுற இண்டக்‌ஷன் ஃபர்னஸ்லயே 550ல இருந்து 650 யூனிட் போகும். எங்களுக்கு அதுக்கு மேல போயிட்டு இருந்துச்சு, எங்க போகுதுன்னு தெரியல. மீட்டர ஹீட் வாரியா (ஒவ்வொரு தடவ உருக்கறதுக்கும் தனியா) எடுத்து பாத்தப்பறம்தான் தெரிஞ்சுது, மெட்டல் ரெடி ஆயிருது, ஆனா ஊத்தற மோல்டு (அச்சு) ரெடியா இல்ல, அதனால மூடியும் போடாம சும்மா சூடு புடிச்சு வெச்சுட்டு இருக்கோம். தப்பு ஃபர்னஸ்ல இல்ல, மோல்டிங் லைன்ல. அப்பறம் ரெண்டு ஃபர்னஸும் ஒரே நேரத்துல ஃபுல் பவர் எடுத்தா டிமாண்ட் (மொத்தமா இழுக்கற பவர்) எகிறும், அதுக்கு அலாரம் வெச்சோம். மத்ததெல்லாம் இன்னும் வாங்கல, வாங்கற ஐடியாவும் இப்போதைக்கு இல்லீங்க.

ஆய்வு மாணவி திருச்சி:

வணக்கம். என் பிஎச்டி தலைப்பே கிட்டத்தட்ட இதான், கம்பெனிங்க எதனால இந்த முடிவு எடுக்குறாங்கன்னு, அதனால எழுதாம இருக்க முடியல.

எங்க துறையில இதுக்கு 1990ல இருந்து ஒரு வழக்கமான சட்டகம் இருக்கு, டிஓஇன்னு சொல்வாங்க, அந்த டெக்னாலஜி எப்படி, கம்பெனிக்குள்ள நிலைமை எப்படி, வெளிய சுத்தி இருக்கற அழுத்தம் எப்படின்னு மூணா பிரிச்சு பாக்குறது. இங்க நீங்க எல்லாரும் எழுதுனதுலயே மூணும் வந்துருச்சு. 1983ல டிமாஜியோ, பவல்னு ரெண்டு சமூகவியலாளர்கள் இன்னொரு கேள்வி கேட்டாங்க, ஒரே துறையில இருக்கற நிறுவனங்க எல்லாம் ஏன் காலப்போக்குல ஒரே மாதிரி ஆயிடுதுன்னு. மேல இருக்கறவங்க கட்டாயப்படுத்துறது ஒண்ணு, என்ன செய்யறதுன்னு தெளிவா தெரியாதப்ப ஜெயிச்ச மாதிரி தெரியறவங்கள பாத்து செய்யறது ஒண்ணு, ஒரே படிப்பு படிச்சவங்க ஒரே மாதிரி யோசிக்கறது ஒண்ணு. நான் பேட்டிக்கு போறப்ப ஓனர் முதல்ல ப்ராடக்டிவிட்டின்னுதான் ஆரம்பிப்பார். நோட்ட மூடிட்டு டீ குடிக்கறப்பதான், "கண்காட்சியில அவர் ஸ்டால் பாத்தேன்மா, நாமளும் இல்லன்னா கஸ்டமர் என்ன நெனப்பான்"னு வரும். அத நான் குறையா பாக்கல. சின்ன கம்பெனிக்கு தானே சோதிச்சு பாக்க காசு கிடையாது, அடுத்தவர் சோதிச்சத பாக்கறது அவங்களுக்கு ஒரு பாதுகாப்பு.

ஆனா பெரிய கம்பெனியும் தப்பு கணக்கு போடும். அடிடாஸ் ஜெர்மனில அன்ஸ்பாக்லயும் அமெரிக்காவுல அட்லான்டா பக்கமும் ரோபோ வெச்சு ஷூ தைக்கற ஸ்பீட்ஃபேக்டரின்னு ஆரம்பிச்சாங்க, உலகமே பேசுச்சு. 2019 நவம்பர்ல ரெண்டையும் மூடறோம்னு அறிவிச்சு, அந்த தொழில்நுட்பத்த வியட்நாம், சீனாவுல இருக்கற சப்ளையர்கிட்ட கொண்டுபோயிட்டாங்க. எதிர்ப்பக்கம் சீமென்ஸோட ஆம்பெர்க் பிளான்ட், 1989ல ஆரம்பிச்சது, ஆள் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்க உற்பத்தி பல மடங்கு ஏறிடுச்சு. ஆனா அது ஒரே நாள்ல வாங்கி மாட்டினது கிடையாது, முப்பது வருஷமா கொஞ்சம் கொஞ்சமா சேத்தது. "இண்டஸ்ட்ரி 4.0"ங்கற பேரே 2011 ஹானோவர் கண்காட்சியிலதான் வந்துச்சு, ஆம்பெர்க் அப்போவே இருவது வயசு தாண்டியாச்சு.

ஓசூர் குவாலிட்டி:

மாணவி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், கஸ்டமர் கட்டாயப்படுத்தறது இனிமே டேட்டா கேக்கறதோட நிக்காது. 2022 மார்ச் 1ம் தேதி டொயோட்டா ஜப்பான்ல 14 பிளான்ட்டையும் ஒரு நாள் நிறுத்துச்சு, காரணம் ஒரு பார்ட்ஸ் சப்ளையரோட கம்ப்யூட்டர்ல சைபர் அட்டாக். மிஷின நெட்ல மாட்டுறப்ப ஆபீஸ் வைஃபையும் மிஷின் லைனும் தனித்தனியா இருக்கட்டும் தம்பி. புரோக்ராம் ஏத்த ஊர்ல இருக்கற பென்டிரைவ் எல்லாம் சொருகுற பழக்கத்த முதல்ல நிறுத்து.

அப்புறம் ஜெட் சர்டிஃபிகேட்டுக்கு (சிறு தொழிலுக்கு மத்திய அரசு குடுக்கற தர சர்டிஃபிகேட்) அரசு தள்ளுபடி வெச்சாங்க, 2022ல மாத்தி அமைச்சப்ப குறு நிறுவனத்துக்கு 80, சிறுவுக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம். ஆனா அது சர்டிஃபிகேட் செலவுக்கு, சென்சார் வாங்க இல்ல. கொட்டேஷன் குடுக்கறவங்க ரெண்டையும் கலந்து பேசுவாங்க, ஏமாந்துராத.

குறிச்சி டர்னிங்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணு வாரம் கழிச்சு வந்து எழுதறேன், கோச்சுக்காதீங்க.

ஒரகடம் தம்பி எழுதுனத படிச்சதுக்கப்பறம் எதையும் வாங்கறதுக்கு முன்னாடி நோட்டு போட்டு பாக்கலாம்னு தோணுச்சு. 40 பக்க நோட்டு, மூணு மிஷின், 12 நாள், ரெண்டு ஷிப்ட். பகல்ல நானும் ராத்திரி எங்க மூத்த ஆபரேட்டர் அண்ணனும், மிஷின் எப்போ நின்னுது, எப்போ ஓடுச்சு, ஏன்னு கைல எழுதுனோம். ஓடி இருக்க வேண்டியது 576 மணி நேரம். நின்னது 148. அதாவது நம்ம 92, 93 எல்லாம் கெடையாது, 74 சதவீதம்தான். அதுவும் நேரத்த மட்டும் பாத்தா, வேகத்தையும் ரிஜெக்‌ஷனையும் பெருக்குனா இன்னும் கொறையும்.

148ல செட்டிங் 47, அது ஜாப் ஒர்க்ல இருக்கத்தான் செய்யும். எனக்கு தூக்கி வாரி போட்டது அடுத்ததுதான், 38 மணி நேரம் முதல் பீஸ் அப்ரூவலுக்கு, அதாவது செட்டிங் முடிஞ்சு வர்ற முதல் பீஸ அளந்து ஓகே சொல்றதுக்கு, காத்துட்டு நின்னது. இன்ஸ்பெக்டர் ஒருத்தர்தான், அவரு ராத்திரி 8 மணிக்கு கெளம்பிருவாரு, அதுக்கப்பறம் செட்டிங் முடிஞ்சா ஆபரேட்டர் பீஸ துணில சுத்தி மேஜை மேல வெச்சுட்டு, ரிஸ்க் எடுக்க பயந்துகிட்டு காலைல வரைக்கும் வேற சின்ன வேலை பாத்துட்டு இருந்திருக்காங்க. ஆறு வருஷமா எனக்கு இது தெரியாது. மெட்டீரியல் இல்லாம 29, இன்சர்ட் 16, மிச்சம் 18 சில்லறை.

அப்பாகிட்ட நோட்ட குடுத்தேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம புரட்டுனாரு. அவரு காது சொன்னது ஒண்ணுகூட தப்பில்ல, பகல்ல நின்னது அத்தனையும் அவருக்கு தெரிஞ்சிருக்கு. ராத்திரி நின்னதுதான் அவருக்கு கேக்கல, வீட்ல தூங்கிட்டு இருந்தாரு. "சரி, நாலு மிஷினுக்கு போடு"ன்னாரு. 4 விஎம்சிக்கும் சேத்து 1,12,000. காரணம் லிஸ்ட்ட ஆபரேட்டருங்கதான் எழுதி குடுத்தாங்க, ஆறுதான் வந்துச்சு, முதல் வரி "அப்ரூவலுக்கு வெயிட்டிங்". ஸ்க்ரீன் அவங்க பக்கம். இந்த டேட்டாவ வெச்சு யாரு சம்பளத்துலயும் கை வெக்க மாட்டோம்னு அப்பாவே எல்லாரையும் கூப்ட்டு சொன்னாரு. ராத்திரி ஷிப்ட்ல ரெண்டு பேருக்கு கேஜ் ட்ரெயினிங் குடுத்து அவங்களே முதல் பீஸ் கையெழுத்து போடலாம்னு பண்ணிட்டோம், அதுக்கு ஒரு ரூபா செலவில்ல.

கஸ்டமருக்கும் உள்ளத சொல்லி மெயில் போட்டேன், பழைய லாக் புக் நம்பற மாதிரி இல்ல, நிறுத்திட்டோம், இதுதான் எங்க நெசமான நம்பர்னு நோட்டு பக்கத்த போட்டோ எடுத்தே வெச்சேன். அவங்ககிட்ட இருந்து இன்னும் பதில் வரல, கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.

நாளைக்கு காலைல முதல் விஎம்சிக்கு வயர் இழுக்க வர்றாங்க. கன்ட்ரோலர் பழசு, நெட்ஒர்க் போர்ட் இல்ல, அதனால டவர் லைட்ல (மிஷின் ஓடுதா நிக்குதான்னு காட்டற விளக்கு) இருந்து 24 வோல்ட் சிக்னல்தான் எடுக்கணும். நேரா எடுக்காம நடுவுல ரிலே போட்டுத்தான் எடுக்கணும்னு எலக்ட்ரீசியன் சொல்றாரு, வந்த பார்ட்டி தேவையில்லைங்கறாங்க. இத பண்ணி பாத்தவங்க யாராவது இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொன்னா உதவியா இருக்கும்ங்க.

ராஜபாளையம் மில்லு:

ரிலேவோ ஆப்டோகப்ளரோ (ரெண்டுமே ரெண்டு பக்க வயரையும் தொடவிடாம சிக்னல மட்டும் கடத்தும்) ஏதாவது ஒண்ணு கட்டாயம் போடுங்க தம்பி, உங்க எலக்ட்ரீசியன் சொல்றதுதான் சரி. வெளி பாக்ஸ்ல ஏதாவது ஷார்ட் ஆனா மிஷினோட 24 வோல்ட் சப்ளைய இழுத்துட்டு போயிரும், மிஷினே நின்னுரும். பேனல திறக்கறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் விடுங்க, மோட்டார ஓட்டற டிரைவ்ல சார்ஜ் நிக்கும். கழட்டறதுக்கு முன்னாடி வயர் இருக்கற மாதிரியே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.